வெறுங்காலுக்குப் புதினாத் தண்ணீர்

பகல் பதினொன்று ஐம்பதுக்கு உன் அண்ணன் புதினாக் கொல்லைக்கு வந்தான். பைக்கை வரப்பிலேயே சாய்த்துப் போட்டான். நேராகப் போய் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்து, மண்ணை அள்ளிப் போட்டான். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "மாப்ள, வா" என்றான். நான் மணியைப் பார்த்தேன். பாய்லர் வேலையில் எது நின்றாலும் முதலில் நேரத்தைப் பார்த்துக்கொள்வது பழக்கம். அந்தப் பழக்கத்தில் பார்த்திருப்பேன். அடுப்பு அணைந்த பிறகும் குழாய் முனையில் புதினாத் தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. உள்ளே மிச்சமிருக்கும் சூட்டுக்கு அது கொஞ்ச நேரம் அப்படித்தான் சொட்டும்.

இன்று அதே வாசனை. பௌர்ணமி. கொல்லை ஓரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கை, சட்டை, இந்தத் தாள் எல்லாவற்றிலும் புதினா. ஆனால் வாசனை மூக்கு வரைதான் வருகிறது, அதற்கு மேல் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. உன் காரியம் முடிந்ததிலிருந்து எனக்கு எல்லாமே அப்படித்தான். சோறு வாய் வரை, பேச்சு காது வரை. அதைச் சொல்லிப் புலம்ப இதை எழுதவில்லை. இந்தப் பௌர்ணமிக்கு மேசை போட்டீர்களா இல்லையா என்றுதான் நீ முதலில் கேட்பாய். போடாமல் போக இருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வேனில் வந்த அன்று என் அப்பாவுக்கு வழியெல்லாம் வாந்தி. வந்தவர்களுக்குக் காபி கொடுப்பதற்கு முன்னால் நீ புதினா இலையை உப்போடு கசக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு டம்ளரில் கொண்டு வந்து அவரிடம் நீட்டினாய். குடித்துவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணம் அந்த டம்ளரிலேயே முடிவாகிவிட்டது என்று பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மைத் தனியாகப் பேசச் சொல்லி எல்லோரும் வெளியே போனதும் நீ கேட்டாய்:

"இன்ஜினியர்னாங்க. எதுக்கு இன்ஜினியர்?"

"பாய்லர். ஃபேக்டரில நீராவி உண்டாக்கற செக்‌ஷன்."

"தண்ணி சுட வெக்கறதுக்கா நாலு வருசம் படிச்சீங்க?"

நான் மும்முரமாக விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அழுத்தம், வெப்பநிலை, வால்வு என்று என்னென்னவோ. நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாய். சிரிப்பை அடக்குகிறாய் என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

உங்கள் வீட்டில் புதினா என்பது துவையலுக்கான கீரை மட்டுமில்லை என்பதும் அப்படி மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. வயிறு உப்பினால் சுக்கும் புதினாவும் போட்ட கஷாயம். தலைவலி என்றால் நெற்றியில் கசக்கிய இலை. வாய் கசந்தால் மெல்ல இரண்டு கொழுந்து. அத்தை இலையை ஆய்ந்து எடுத்த பிறகு தண்டைக்கூடத் தூர எறிய மாட்டார். உங்கள் வாசல் கிரிவலப் பாதையைப் பார்த்த வாசல். பௌர்ணமி என்றால் வெளியூர்க்காரர்கள் படியில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். வருடமெல்லாம் செருப்போடு இருந்துவிட்டு அன்றைக்கு மட்டும் வெறுங்காலோடு நடக்கிற கால்கள். தார் ரோடு பழுக்கிற நேரத்தில் கிளம்பியவர்கள் அடி அண்ணாமலை வருவதற்குள் நொண்ட ஆரம்பித்துவிடுவார்கள். அத்தை அந்தத் தண்டுகளை வெந்நீரில் போட்டு மூடிவைத்து, ஆறியதும் யார் வந்து உட்கார்ந்தாலும் காலில் ஒரு சொம்பு ஊற்றுவார்.

நீ அப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தாய். அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் கால்களைத்தான் பார்ப்பதாகச் சொல்வாய். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாய்: "ஏங்க, அம்மா ஊத்தறத பாட்டில்ல குடுத்தா இன்னா? நடக்கறவங்க கையில எடுத்துக்கினு போலாம்ல?"

"நாளைக்கே புளிச்சிடும். இலையப் போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணி தாங்காது."

"அப்ப தாங்கற மாதிரி பண்ணுங்க. தண்ணி சுட வெக்கத்தான் படிச்சிருக்கீங்களே."

அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். இலையைத் தண்ணீரில் வேகவைக்கக் கூடாது, ஆவியில் வாட்ட வேண்டும், அந்த ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராகப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். "ஓம வாட்டர் மாதிரியா?" என்றாய். "அதே மாதிரிதான்" என்றேன். நான்கு வரியில் நான் விளக்க நினைத்ததை நீ மூன்று சொல்லில் முடித்துவிட்டாய்.

அந்த முதல் பாத்திரத்தை நினைத்தால் இப்போதும் உதடு தானாகக் கோணுகிறது. கல்யாணங்களுக்குப் பிரியாணி போடும் பாய் ஒருவர் உன் அண்ணனுக்குப் பழக்கம். அவர் பழைய தேக்சா ஒன்றைக் கொடுத்தார். ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிய செம்புப் பாத்திரம். உள்ளே ஓட்டைத் தட்டு வைத்து, மூடியில் குழாய் பொருத்தி, குழாயைச் சுருளாக்கித் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கினேன். மூடி ஓரத்தில் ஆவி கசியாமலிருக்க ரப்பர் வளையம் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். நீ மைதாவைப் பிசைந்து எடுத்து வந்தாய்.

"பாய் எப்படி தம் போடறாரு? ஆவி எங்கியாவது போவுதா?"

போகவில்லை. குழாய் முனையில் கண்ணாடி போலத் தண்ணீர் சொட்டியது. நீ கையில் பிடித்து முகர்ந்துவிட்டு, "கொல்லையே உள்ள இருக்குது" என்றாய். அடுத்த பௌர்ணமிக்கு உங்கள் வாசலில் மேசை போட்டோம். சேலத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் காலை நீட்டினார். நீ ஸ்ப்ரே அடித்தாய். அவர் மூக்கைச் சுளித்தார்.

"ஏம்மா, என் கால்ல பிரியாணி வாசன வருதேம்மா. நான் விரதம்."

"புதினாங்க அது. புதினான்னாலே எல்லாருக்கும் பிரியாணி ஞாபகம்தான் வரும்."

பக்கத்தில் நின்றிருந்த அவர் கணவர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்குப் பட்டை கிராம்புகூட ஞாபகம் வருதும்மா."

அந்த அம்மாள் நம் வீட்டுக் குழாயில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அவர் கண்ணுக்கு மறையும் வரை நீ முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றாய். அப்புறம் சிரித்தாய் பார், உன் அப்பா என்னவோ ஏதோ என்று உள்ளேயிருந்து ஓடி வந்தார். இத்தனை வருடக் கிராம்பும் பட்டையும் செம்பில் ஊறிக் கிடந்திருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்தோம், சாம்பல் போட்டுத் தேய்த்தோம், வெறும் ஆவியை நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். போகவேயில்லை. கடைசியில் பாயிடமே திருப்பிக் கொடுத்தோம். "புதினா வாசன வருதும்மா, இப்ப இதுல நான் இன்னா பண்றது?" என்று அவர் கேட்டார். பட்டறையில் எவர்சில்வரில் புதிதாகச் செய்தது அதற்குப் பிறகுதான். மைதா மட்டும் மாறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. குளிர்ச்சி தரும் மென்தால் நம் பக்கத்துப் புதினாவில் இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் கம்மி. வடக்கே எண்ணெய்க்காகப் பயிரிடுவது வேறு சாதி. நாம் துவையல் அரைப்பதும் பிரியாணியில் போடுவதும் வாசனைப் புதினா. நான் இதைப் பெரிய தோல்வி மாதிரி உன்னிடம் வந்து சொன்னேன். நம் தண்ணீரை விற்கக் கேட்டுச் சென்னையிலிருந்து பேசிய ஒரு கடைக்காரரும் அதையேதான் சொன்னார். காலில் பட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மென்தால் கட்டியை, அந்தப் புதினா உப்பைக் கலந்துவிடுங்கள், அலமாரியில் ஒரு வருடம் கெடாமல் நிற்க வேண்டும், பச்சை நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

நீ வாதாடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தாய். திரும்பி வந்தபோது பாதம் சிவந்து, ஓரத்தில் கொப்புளம் கண்டிருந்தது. இடது காலுக்குப் புதினா உப்புக் கலந்தது, வலது காலுக்கு நம்முடையது என்று அடித்துக்கொண்டாய்.

"இந்தக் காலு ஐஸ்ல வெச்ச மாதிரி இருக்குதுங்க. ஆனா கொப்புளத்துல பட்டு பத்திக்கினு எரியுது."

"அந்தக் காலு?"

நீ அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாய். "சும்மா இருக்குது."

"அவ்ளோதானா?"

"இன்னா அவ்ளோதானா? அவ்ளோ தூரம் நடந்த காலு சும்மா இருக்குதுங்க. நடந்து பாத்தாத்தான் தெரியும் உங்களுக்கு."

கெட்டுப் போவதைப் பற்றியும் நீ கவலைப்படவில்லை. பாலைப் போல நினைத்துக்கொள்ளலாம் என்றாய். பௌர்ணமிக்குப் பௌர்ணமி புதிதாக இறக்குவோம், அன்றைக்கே தீர்ப்போம். வாங்குகிற ஜனம் நம் வாசலுக்கே வரும்போது கடைக்கு எதற்கு அனுப்ப வேண்டும்? மார்க்கெட்டில் மத்தியானத்துக்கு மேல் வாடிப் போய்க் கொட்டுகிற கட்டுகளை வாங்கி நிழலில் காயவைத்துப் பொடியாக்கலாம். ஆவி பிடித்த பிறகு மிஞ்சும் சக்கை உன் அப்பாவின் மல்லிகைக்கு உரம். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனாய். பாதையைச் சுற்றி இருக்கிற ஊர்களில் ஊருக்கு ஓர் அடுப்பு, அடுப்புக்கு நாலு வீட்டுப் புதினாப் பாத்தி என்று ஒருநாள் சொன்னபோது நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலும் அதேதான். காய்ச்சல் இறங்கிவிட்டது, நாளை வார்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காலை அது. தொற்று ரத்தத்தில் ஏறியிருந்தது அப்போது யாருக்கும் தெரியவில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து உன் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்து, "நீங்க இங்க உக்காந்துக்கினு இன்னா பண்ணப் போறீங்க? ரெண்டு நாள் போனா செடி பூ வெச்சிடும். போயி அறுங்க" என்றாய். நான் எழுந்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது கையை ஆட்டவில்லை, விரலால் கிளம்பு என்று காட்டினாய். நான் போய் அறுத்தேன். அதைத்தான் அடுப்பில் ஏற்றியிருந்தேன், உன் அண்ணன் வந்தபோது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரிய வேண்டியதில்லை. எல்லோரும் வந்தார்கள். எல்லாம் செய்தார்கள். வேங்கிக்காலில் நாம் குடியிருந்த வீட்டுக்குப் போய்ச் சாவியைத் திருப்ப என்னால் முடியவில்லை. உன் அப்பா உங்கள் வீட்டிலேயே எனக்கு ஒரு பாய் விரித்துவிட்டார். ஒரு காலையில் பால் வாங்க வாசலில் இறங்கினேன். பின்னாலேயே ஓடி வந்தார்.

"மாப்பிள, அந்தப் பக்கமா போவாதீங்க. வலம் ஆயிடும்."

"கடை கண்ணுக்கு எதிர்லதான மாமா இருக்குது."

"இருந்தாலும் துக்கம் இருக்கற வருசம் சாமிய வலம் வரப்படாது. எங்க ஊட்ல அப்படித்தான். கொல்லப் பக்கமா சுத்திக்கினு போங்க."

கிரிவலப் பாதையிலேயே வீட்டைக் கட்டிக்கொண்டு, கிரிவலம் ஆகிவிடாமல் பால் வாங்கப் போவது எப்படி என்று உங்கள் குடும்பம் ஒரு முறை வைத்திருக்கிறது. நீ என்னிடம் இதைச் சொன்னதேயில்லை. சொல்ல வேண்டி வரவில்லை. நான் வரப்பு வழியாகச் சுற்றி, முள்வேலியைத் தாண்டி, இடப் பக்கமாகக் கடைக்கு வந்து சேர்ந்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் பழக்கம் போலிருக்கிறது.

இந்தப் பௌர்ணமி நெருங்கியபோது உன் அப்பா என்னிடம் வந்து நின்றார். "செடி முத்திக்கினு வருது. வெட்டறதா, இல்ல ஏர் ஓட்டி சாமந்தி நட்டுடறதா? நீங்களே சொல்லிடுங்க மாப்பிள."

"வெட்டறோம் மாமா. எப்பயும் போல மேச போடறோம்."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை நிமிரவில்லை. "போடக் கூடாது" என்றார்.

"ஏன் அத்தை?"

"துக்க ஊட்டுத் தண்ணிய சாமியச் சுத்தறவங்க காலுக்குக் குடுப்பாங்களா? தெரிஞ்சா யாரு வாங்குவாங்க? தெரியாம குடுத்தா அது நம்மள உடுமா?"

உன் அண்ணன் குறுக்கே வந்தான். "ஏம்மா, செடிக்கு ஏதும்மா தீட்டு?"

"செடிக்கு இல்லடா. கைக்கு இருக்குது."

 எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. எங்கே சிக்கல் என்று துல்லியமாகச் சொல்லிவிட்டார். கை என்றால் கை. அன்று முழுக்க அதையே யோசித்தேன். பல நாளைக்குப் பிறகு மூளை எதையோ பிடித்துக்கொண்டு ஓடியது. மறுநாள் அத்தையைக் கொல்லையிலுள்ள அடுப்படிக்கு அழைத்து வந்து, காலிப் பாத்திரத்தைத் திறந்து காட்டினேன்.

"தண்ணி கீழ இருக்குது அத்தை. இலை மேல தட்டுல. நெருப்பு தண்ணிய ஆவியாக்குது. ஆவி இலைக்குள்ள பூந்து வாசனைய இழுத்துக்கினு மேல போவுது. குழாய்ல குளுந்து, சொட்டி, நேரா பாட்டில்ல உழுது. பாட்டிலும் வெந்நீர்ல கொதிச்சது. கால்ல அடிக்கறதுகூட ஸ்ப்ரேதான். இதுல எங்கியும் நம்ம கை படல. நெருப்பு எடுத்துக் குடுக்குது, அவ்ளோதான்."

நான் அவரை மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. உண்மையில் அப்படித்தான் நடக்கிறது. அத்தை குனிந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"நெருப்பு எடுத்துக்கும்னுதான் எனக்குத் தெரியும் மாப்பிள. குடுக்கும்னு யாரும் சொல்லல."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். உன் அண்ணன் என்னைப் பார்த்தான். "உடு மாப்ள. இந்தத் தடவ வேணாம்" என்றான். நான் பாத்திரத்தை மூடினேன். இந்தத் தடவை விட்டால் சாமந்தி. சாமந்தி வந்தால் அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. இது உன் அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனிடம் அரிவாள் மட்டும் கேட்டேன்.

இன்று விடிந்ததும் வெட்டினோம். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், தரையிலிருந்து நாலு விரல் விட்டு. நீ சொல்லிக்கொடுத்த மாதிரிதான். அலசி, நிழலில் கொஞ்சம் வாடவிட்டு, தட்டில் அடுக்கினேன். தண்ணீர் ஊற்றினேன். விறகை வைத்தேன். மூடியைத் தூக்கி வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, மைதா இல்லை. அதைப் பிசைவது எப்போதும் நீதான். நான் எத்தனை பாய்லரைப் பார்த்தவன், இந்த மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் தட்டு. தட்டில் ஈரத்துணி போட்டு மூடிய மாவு உருண்டை.

"கை படாதுன்னீங்களே. அப்ப மாவு யாரு பிசையறதாம்?"

நான் எழுந்து மூடியை நேராக்கிப் பிடித்தேன். அவர் மாவைக் கயிறு போலத் திரித்து மூடி ஓரம் முழுக்கச் சுற்றி, கட்டை விரலால் அழுத்தி அழுத்திக்கொண்டே போனார். உன் கட்டை விரல் அழுத்துகிற மாதிரியேதான் அழுத்தினார். அல்லது நீ அவரைப் போல அழுத்தினாய். ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்ததும் கையை மண்ணில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நம்ம வாசப்படியில வேணாம். கொல்லையாண்ட போடுங்க. வரவங்க கிட்ட மொதல்லயே சொல்லிடணும், துக்க ஊடுன்னு. அதுக்கு மேல வாங்கறதும் வாங்காததும் அவங்க இஷ்டம்."

"சரி அத்தை."

"யாருக்கும் சொல்லாம உட்டுடக் கூடாது."

"சொல்றேன் அத்தை."

முதல் சொட்டு விழும் வரை நின்றிருந்தார். அப்புறம் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, விறகை உள்ளே தள்ள ஆரம்பித்தார். சொட்டுகிற தண்ணீர் வெந்த கீரை வாசனைக்கு மாறுகிற நேரத்தில் நான் பாட்டிலை எடுக்க எழுந்தேன். அதற்குள் அவரே "போதும், மாறிடுச்சு" என்று எடுத்துவிட்டார்.

இன்று திதி மத்தியானத்துக்கு மேல் பிறந்தது. பாட்டில்களை அடுப்படியிலிருந்து ரோடு வழியாகக் கொண்டு வராமல் வரப்பு வழியாகத் தூக்கி வந்தோம். இங்கே பாதை கொல்லையை ஒட்டி வளைகிறது. மேசை, ஒரு பெஞ்சு, வேப்பமர நிழல். முதலில் வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர். பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் சொன்னேன்: "அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேங்க. இது துக்க வீட்டுல செஞ்சது."

காலை இழுத்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி" என்று எழுந்து போனார். அடுத்து வந்த இருவரும் கேட்டதும் நடந்துவிட்டார்கள். ஓர் இளைஞன் பின்வாங்கி நின்று ரோட்டிலிருந்தே மலையைப் பார்த்துக் கும்பிட்டான். உன் அண்ணன் என் காதருகே வந்து, "மாப்ள, சொல்லாம அடிச்சா இன்னா? அம்மா ஊட்லதான இருக்குது" என்றான். நான் மறுத்துத் தலையாட்டினேன். சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லித்தான் இது நிற்க வேண்டும். மறைத்து நின்றால் அது உன்னுடையது இல்லை.

பிறகு திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு பெண்கள் கூட்டம். முன்னால் வந்தவர் கனத்த உடம்பு, விரல் நுனியில் நொண்டிக்கொண்டே பெஞ்சில் சாய்ந்தார். நான் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"துக்கமா? யாருக்கு?"

"என் மனைவி தவறிட்டாங்க."

"அய்ய. இந்த வயசுலியா."  பின் மலைப் பக்கம் மோவாயைக் காட்டிக் கேட்டார்: "சாமி கோச்சுக்குமா?"

"தெரியலைங்க."

"எனக்கும் தெரியல. கோச்சுக்கினா அதுங்கிட்ட நான் பேசிக்கறேன். காலு பத்திக்கினு எரியுது. அடிங்க தம்பி."

அடித்தேன். பின்னால் நின்ற ஒருத்தி, "இன்னாக்கா, ஜில்லுனு இருக்குதா?" என்று கேட்டாள்.

"ஜில்லுனுல்லாம் இல்லடி." அந்த அம்மாள் காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். மறுபடி ஊன்றிப் பார்த்தார். "ஆனா எரியல. வந்து உக்காரு, நீயும் பாரு."

கூட்டம் முழுவதும் உட்கார்ந்தது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். நாலாவது ஆளிடம் சொல்லும்போது, "கேட்டுட்டோம் கேட்டுட்டோம், அடிங்க" என்று அதட்டினார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தார்கள். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இருப்பார்கள். உட்காருகிறவர்கள் அதைவிட ஜாஸ்தி. அத்தை ரோட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன் வரப்பு மேல் வந்து நின்று பெஞ்சைப் பார்த்துவிட்டு, "இன்னொரு அடுப்பு மூட்டணுமா?" என்று உன் அப்பாவைக் கேட்டார்.

மத்தியானத்திலிருந்து போன் அடித்துக்கொண்டேயிருக்கிறது. என் அம்மா: "மாமியார் ஊட்ல எவ்ளோ நாளைக்கு உக்காந்திருப்ப? ஜனங்க இன்னா பேசுவாங்க? உனக்கும் வயசு இருக்குதுடா." உங்கள் துக்கம் எனக்கும் துக்கம் என்று தொடங்கிய சென்னைக்காரர், இரண்டாவது வரியிலேயே புதினா உப்புக்கு வந்துவிட்டார். மேனேஜர், எப்போது வருகிறேன் என்று. மூன்று பேருக்கும் பதில் சொல்லிவிட்டேன். அம்மாவிடம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்கேதான் இருப்பேன், மற்ற நாள் எங்கே இருப்பது என்று பிறகு பார்க்கலாம் என்றேன். சென்னைக்காரரிடம் உப்புப் போடமாட்டோம், கடைக்கு அனுப்பமாட்டோம் என்றேன். மேனேஜரிடம், திங்கட்கிழமை ஷிப்டுக்கு வருகிறேன், மாதம் ஒரு லீவு மட்டும் வேண்டும், அதற்குச் சம்மதம் இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். குரல் நடுங்கவில்லை. நடுங்குகிற அளவுக்குக்கூட உள்ளே எதுவும் இன்னும் திரும்பி வரவில்லை. வருவது வரும்போது வரட்டும். கை வேலை செய்கிறது, மண்டை வேலை செய்கிறது. இப்போதைக்கு அது போதும். நீ விட்டுப் போனதில் என்னால் தூக்க முடிந்தது இந்த வேலை. இதைத் தூக்கிக்கொண்டு போவேன்.

ஊருக்கு ஓர் அடுப்பு என்று நீ சொன்னதும் நடக்கும். திண்டிவனத்து அம்மாளுக்கு அடி அண்ணாமலை வருவதற்குள் கால் போய்விட்டதாம், இதை இன்னும் முன்னாலேயே வைக்கக் கூடாதா என்று திட்டிவிட்டுப் போனார். அடுத்து எங்கே வைப்பது என்று உன் அண்ணனும் நானும் பேசியிருக்கிறோம். அடி அண்ணாமலைக்கு முன்னாலேயே அவனுக்குச் சிநேகிதன் வீடு ஒன்று இருக்கிறது, கிணற்றடியில் புதினா போடலாம்.

உன் அப்பா மோட்டார் கொட்டகையிலிருந்து கத்துகிறார்: "மாப்பிள, கரண்டு வந்துடுச்சு! தண்ணி உடட்டுமா?"

வெட்டிய புதினாக் கட்டைகளுக்கு இன்றே தண்ணீர் காட்டினால்தான் அடுத்த பௌர்ணமிக்குத் தழைத்து வரும். மடை திருப்ப ஆள் வேண்டும். மேசையை உன் அண்ணன் பார்த்துக்கொள்வான். யாருக்கும் சொல்லாமல் அடிக்க மாட்டான், சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டேன். போன் மறுபடி அடிக்கிறது. யார் என்று பார்க்கவில்லை. அணைத்துவிட்டேன்.